கிரேன் மணியும் பச்சைப் புள்ளியும்

நான் மனிதர்களின் மூளையைப் பார்க்கும் வேலையில் இருப்பதாக அம்மா எங்கள் தெருவில் சொல்லி வைத்திருந்தாள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் குடத்தோடு நிற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் கொஞ்சம் ஒதுங்கினார்கள். "இவன் பாத்தா உள்ள இன்னா நெனைக்கிறோம்னு தெரிஞ்சிடுமாமே" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. டிப்ளமாவில் நான் படித்த பாடத்தின் பெயர் அவள் வாயில் நுழைந்ததே இல்லை. மூளை என்றால் சொல்வதற்குச் சுலபம். அதையே சொல்லிவிட்டாள்.

வேலை பார்க்கும் இடத்திலும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்களுடையது கம்பி உருட்டும் ஆலை. சிவக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டி, வீடு கட்டும் கம்பியாக்கி, ஆறவைத்து, கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். அந்தக் கட்டுகளைத் தூக்குவது ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன். கிரேனோடு சேர்ந்து தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். படிப்பு முடிந்து சும்மா இருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நிறுத்தியவரும் அவர்தான். "என் மச்சான் சார். எங்க ஊட்டுல படிச்சது இவன் ஒருத்தன்தான்" என்று சொல்லும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேனேஜர் முன்னால் அவர் அதற்குப் பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

கிரேனுக்குக் கீழே நின்று கட்டைச் சுற்றிச் சங்கிலி போட்டுக் கொக்கியில் மாட்டுகிறவர் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். சின்னவன் பெரியவன் பார்க்காமல் எல்லாரையும் நைனா என்பார். அவருக்கும் மாமாவுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கொக்கி மாட்டியதும் இவர் ஒரு கம்பித் துண்டை எடுத்து ஷெட்டின் இரும்புத் தூணில் தட்டுவார். மேலிருந்து மாமா கிரேன் மணியை அடிப்பார். மணி கேட்ட பிறகே கட்டு எழும். இறக்கும்போதும் அப்படியே. மணி வரத் தாமதமானால் தூண் அதிரத் தட்டுவார்.

"யோவ், மேல ஆள் கீதா, காக்கா தூக்கினு பூட்ச்சா?"

"கீறேன்யா. உன் மூஞ்சியப் பாக்க வாணாம்னு கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"மூடு மூடு. நான் செத்தா என் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும் நைனா."

ஷெட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தப் பேச்சு கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. எந்தப் பலகையிலும் எழுதி வைத்த விதி கிடையாது அது.

பிறகுதான் பட்டை வந்தது; அதைப் பார்த்துக்கொள்வது என் வேலையானது. ஹெல்மெட்டின் உட்புறம் பொருத்துகிற மீள்பட்டை. நெற்றியில் படும்படி இரண்டு உலோக வில்லைகள், காதுக்குப் பின்னால் ஒன்று. கூண்டுக்குள்ளும் மற்ற மெஷின்களிலும் ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்த்தபடி விரல் தடிமனுக்கு ஒரு கேமரா. மூளையில் ஓடும் மெல்லிய மின்சாரத்தையும், இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஆள் விழிப்பாக இருக்கிறாரா, சொக்குகிறாரா என்று அது சொல்லும். மாடி அறையில் என் மேசையில் இருந்த திரையில் ஆளுக்கு ஒரு புள்ளி. பச்சை என்றால் விழிப்பு. மஞ்சள் என்றால் கவனம் குறைகிறது. சிவப்பானால் ஹெல்மெட் அதிரும், கூண்டில் ஒலி எழும், மேனேஜரின் போனுக்குச் செய்தி போகும். ஒருவருக்குச் சிவப்பு அடிக்கடி வந்தால் அவரை மெஷினிலிருந்து இறக்கி டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது.

கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது கொக்கிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நைனா, நான் உள்ளுக்குள்ள மேனேஜரத் திட்னா உன் டிவில வருமா?"

"வராதுண்ணா. தூக்கம் மட்டும்தான்."

"தெலுங்குல திட்னா?"

மாமா இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "உனக்கு மூளை இருந்தாத்தானய்யா வர்றதுக்கு. அவன் மெஷினு ரிப்பேர்னு நெனைச்சிக்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான் படித்தது இவர்கள் உயிரைக் காக்கப் பயன்படுகிறது என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையில் இன்றும் பாதி எனக்கு மிச்சம் இருக்கிறது.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொருவர் மூளையும் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே, முதலில் ஒருவர் நன்றாக விழித்திருக்கும் வேளையில் அவரிடம் அளவு எடுத்துப் பதிந்துவிடுவார்கள். பிறகு எப்போதும் அந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் கருவி தீர்ப்புச் சொல்லும். காலை முதல் ஷிப்டில் ஆட்கள் தெளிவாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, கருவி விற்றவர்கள் பெங்களூரிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கினார்கள்.

அது ஆடி மாதம்.

ஆடி ஞாயிறு என்றால் எங்கள் பக்கத்தில் பெரியபாளையத்து அம்மன் கோயில்தான். ஷெட்டில் அநேகமாக எல்லாரும் சனிக்கிழமை சாயங்காலமே குடும்பத்தோடு வேனில் ஏறிவிடுவார்கள். கோயிலைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் பாயை விரித்து, பொங்கல் வைத்து, பம்பைச் சத்தத்தில் கண் மூடாமல் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை நேர்த்திக்கடனை முடித்துவிட்டு ஊர் திரும்பும்போது ராத்திரி பாதி போயிருக்கும். அந்த வாரம் நாங்களும் போயிருந்தோம். அக்கா நேர்ந்துகொண்டபடி வேப்பிலையாலான வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தாள். மாமா பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்தில் அவள் பின்னாலேயே நடந்தார்.

மறுநாள் காலையில் வரிசையாக நின்றவர்களின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் இருந்தன. சிலர் கையில் காப்பு. பெங்களூர்க்காரர்கள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு நெற்றியாகத் துடைத்து, பட்டையை மாட்டி, அளவு எடுத்தார்கள். "இங்கே தினமும் இப்படித்தானா?" என்று ஒருவர் கேட்டார். "ஆடி சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த நெற்றிக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டும், ஒருவர் கொட்டாவியை இன்னொருவர் கேலி செய்துகொண்டும் இருந்தார்கள். அளவு எடுத்தவர்களுக்கு ஆடி தெரியாது. ஆடி தெரிந்த எங்களுக்கு அந்த அளவு எதற்கு என்று முழுதாகப் பிடிபட்டிருக்கவில்லை.

அன்று முதல் திரை முழுக்கப் பச்சை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பச்சை, ஷிப்ட் முடியும் நேரத்திலும் பச்சை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் என் அறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். அடுத்த வாரமே, தூணைத் தட்டக்கூடாது என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒழுங்கில்லாத சத்தமாகத் தெரிகிறதாம். கருவி பார்த்துக்கொள்ளும்போது அது எதற்கு என்றும் கேட்டார்கள்.

"அப்போ நான் மேல பாத்து இன்னா பண்றது?" என்றார் கொக்கிக்காரர்.

"கைய காட்டுய்யா, போதும்" என்றார் மேனேஜர்.

அவர் கம்பித் துண்டைத் தூணோரம் சாய்த்து வைத்தார். அது அங்கேயே இருந்தது.

சம்பா நடவு முடிந்த சமயம். ஒரு நாள் மதியம் நான் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கீழே ஷெட்டில் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. கட்டு விழுவது புதிதில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து யாருமே பேசாத ஒரு அமைதி வந்தது. எழுந்து ஓடுவதற்கு முன்னால் திரையைப் பார்த்தேன். மாமாவின் புள்ளி பச்சையாக இருந்தது.

கட்டு ஒரு பக்கமாகத் தரையில் கிடந்தது. கொக்கிக்காரர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காயம் இல்லை. பூட்ஸின் முனை நசுங்கியிருந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்ன பிறகும் கட்டு நிற்காமல் இறங்கியிருக்கிறது. கடைசி நொடியில் தாவியிருக்கிறார்.

மாமா ஏணியில் இறங்கி வந்தார். முகத்தில் வேர்வை. "பிரேக்கு லேட்டா புடிச்சிச்சி சார்" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "பச்சைதான் சார்" என்றேன். பிரேக்கைப் பார்க்க ஆள் வந்தது. பிரேக்கில் குறை எதுவும் அகப்படவில்லை.

கொக்கிக்காரர் மேனேஜரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கைகழுவும் இடத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"அவன் என்னையேதான் பாத்துகினு இருந்தான் நைனா. கண்ணு தொறந்துதான் இருந்திச்சி. ஆனா அங்க ஆள் இல்ல."

"மெஷின்ல பச்சைதாண்ணா இருந்திச்சி."

"உன் மெஷின நான் குத்தம் சொல்லல. என் காலு தப்பிச்சிதுன்னு சொல்றேன்."

பட்டைகளைத் துடைத்து வைப்பது என் வேலை. சில நாள் கழித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமாவின் பட்டையில் உள்பக்கம் ஒரு மஞ்சள் கறை கண்ணில் பட்டது. அக்கா அம்மன் சந்நிதியில் பூசிவிட்ட மஞ்சள். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகாமல் துணிக்குள் இறங்கியிருந்தது. அடுத்த பட்டையைத் திருப்பினேன். அதிலும் லேசாக மஞ்சள். கறையே இல்லாத பட்டை ஒன்றுதான் இருந்தது. ஆடி முடிந்தபின் வேலைக்குச் சேர்ந்து வெளி யார்டின் சின்னக் கிரேனை ஓட்டும் புதிய ஓட்டுநருடையது அது. மதியத்தில் அவ்வப்போது மஞ்சளுக்குப் போய் வருகிற ஒரே புள்ளியும் அவருடையதுதான். அவருக்கு மட்டும் அக்கறை போதவில்லை என்று மேனேஜர் கண்டித்தும் இருந்தார்.

பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு ராத்திரி சரியாகத் தூங்காத மூளையிடம் அளவு எடுத்து, இதுதான் விழிப்பு என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பாதி இறங்கிய இமைதான் மாமாவின் திறந்த கண் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அவர் எவ்வளவு அசந்தாலும் அந்தத் திங்கட்கிழமையைவிட மோசமாகப் போகமாட்டார். எனவே எப்போதும் பச்சை.

எல்லாரிடமும் மறுபடி அளவு எடுத்தால் போதும். மற்றவர்கள் வீட்டுக்குப் போனால் தூங்குகிறவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மாமாவின் கதை வேறு. பெரியபாளையத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் அவருக்கு நெல் நிலம். நடவு முடிந்தால் தண்ணீர் கட்ட வேண்டும். மோட்டாருக்கு வேண்டிய மூன்று முனை கரண்ட் ராத்திரியில் எப்போது வருமோ அப்போது எழுந்து வயலுக்குப் போவார். விடிந்ததும் பைக்கில் கவரைப்பேட்டை வழியாக ஷிப்டுக்கு வருவார். சரியான அளவு வந்தால் கருவி அவரைச் சிவப்பில்தான் காட்டும். கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஊரில் அவரை எல்லாரும் கிரேன்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பெயர் பலருக்குத் தெரியாது.

மேனேஜரிடம் போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வயலில் இருந்தார். மோட்டார் கொட்டகை ஓரத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆடித் திங்கட்கிழமை எடுத்த அளவைப் பற்றிச் சொன்னேன். அதை மாற்றப்போவதையும் சொன்னேன்.

"மாத்தினா எனக்குச் செவப்பு காட்டுமா?"

"காட்டும் மாமா."

"மாத்தாட்டி?"

அவர் மண்வெட்டியைத் திருப்பி மறுபக்கத்தைக் கழுவினார்.

"அன்னைக்கு தூங்கிட்டீங்களா மாமா?"

"தூங்கல. கட்டு எறங்குறது தெரியுது. அவன் கையத் தூக்குறதும் தெரியுது. நிறுத்தணும்னும் தெரியுது. ஆனா கை வேற யாரோடதோ மாதிரி கிடக்குது." மண்வெட்டியைச் சாய்த்து வைத்து, "அதுக்குப் பேரு இன்னாடா, நீ படிச்சதுல?" என்று கேட்டார்.

"தூக்கம்தான் மாமா. கண் தொறந்திருந்தாலும் சில நொடி மூளை தூங்கிடும்."

"நிலத்த வுடச் சொல்றியா?"

"நான் சொல்லல."

"எங்கப்பன் செத்த அன்னைக்கும் இந்த மோட்டாரு ஓடிக்கினுதான்டா இருந்திச்சி. நான்தான் எடுத்து வுட்டேன். பொணத்த வெச்சிகினு."

சாப்பாடு கொண்டு வந்த அக்கா எங்கள் பின்னால் வரப்பில் நின்றதை நான் கவனிக்கவில்லை. தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் புல்லறுக்கப் போயிதான் நீ பள்ளிக்கூடம் போன. ஞாபகம் கீதா?"

"கீதுக்கா."

"அவரு ஏறி உக்காந்து காட்டினதாலதான் உனக்கு அங்க நாற்காலி. இப்போ அவர எறக்கப் போற."

"அக்கா, கீழ ஒரு ஆள் நிக்கிறாரு. அவருக்கும் ஒரு ஊடு கீது."

"உனக்கு எல்லாரு ஊடும் தெரியிது. எங்க ஊடு மட்டும் தெரியல."

மாமா தூக்கைத் திறந்தார். "சாப்புடு மச்சான்" என்றார். அதைச் சம்மதம் என்றோ மறுப்பு என்றோ என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வயலோரம் உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டேன். அக்கா பரிமாறினாள். என்னைப் பார்க்காமல் பரிமாறினாள்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"அப்போ இத்தனை நாளா நாம காட்டின பச்சை?"

"சரியான பச்சை இல்ல சார்."

"உன் மாமனுக்குத்தான் முதல்ல அடி விழும். தெரிஞ்சிதான் சொல்றியா?"

"தெரியும் சார்."

அவர் ஜன்னல் பக்கம் போய் ஷெட்டைப் பார்த்தார். கட்டுக்குப் பக்கத்தில் கொக்கிக்காரர் மேலே பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "மென்பொருள் மாத்துறோம்னு சொல்லிடு. எல்லாருக்கும் திரும்ப எடு. ஆடியெல்லாம் பேசாத" என்றார் மேனேஜர்.

அடுத்தடுத்து இரண்டு நாள் விடுமுறை வந்த ஒரு வாரத்தில், எல்லாரும் தூங்கி எழுந்து வந்த காலையில் அளவு எடுத்தோம். மாமா அந்த இரண்டு நாளும் மோட்டார் எடுக்கப் பக்கத்து வயல்காரரை அனுப்பிவிட்டுத் தூங்கியதாக அக்காவின் பிள்ளை போனில் சொன்னான். தூங்கி வந்தால் அளவு சரியாக விழும், பிறகு தன்னை அது சும்மா விடாது என்பது அவருக்குத் தெரியும். நான்தான் வரப்பில் உட்கார்ந்து விளக்கினேன்.

அந்த வாரக் கடைசிக்குள் அவருடைய புள்ளி மஞ்சளாகி, சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பானது. பிறகு காலை வேளையிலேயே. மேனேஜரின் போன் அடித்தது. மாமா ஏணியில் இறங்கி வந்து, மாடிப்படி ஏறி, என் மேசைக்கு நேராக வந்தார். ஹெல்மெட்டிலிருந்து பட்டையைப் பிய்த்து என் முன்னால் வைத்தார்.

"நல்லா கழுவி வை மச்சான். அடுத்தவன் நெத்தில உங்கக்கா மஞ்சள் ஒட்டிக்கப் போவுது."

சிரிக்கவில்லை அவர். நானும் சிரிக்கவில்லை.

டாக்டர் தூங்கச் சொன்னார். தூங்கி வந்தால் திரும்பச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். பயிர் நிற்கிறது, மோட்டார் ராத்திரியில்தான் ஓடுகிறது. அக்கா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று ஒரு தடவை பேச்செடுத்ததாகவும், அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்றும் அம்மா சொன்னாள். அக்கா என்னோடு பேசுவதில்லை. அம்மா இப்போது தெருவில் என் வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மாமா இப்போது கீழே நிற்கிறார். கொக்கிக்காரரோடு சேர்ந்து சங்கிலி மாட்டுகிறார். "வா நைனா, மேல இருந்துகினு என்னை எவ்ளோ பேஜார் பண்ண, இப்போ தெரியும்" என்று அவர் வரவேற்றதாகக் கேள்விப்பட்டேன். கூண்டில் அந்தப் புதிய ஓட்டுநர் இருக்கிறார். மணவாள நகரிலிருந்து விடியும் முன்பே கிளம்பிப் பஸ் மாறி வருகிற இளைஞர். அவருடைய அளவு சரியானது. நானே பக்கத்தில் நின்று எடுத்தேன். அவர் புள்ளி பச்சையாக இருந்தால் அது பச்சைதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று சாப்பாட்டு நேரம் முடிந்து திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். புள்ளி பச்சை. ஜன்னல் வழியாகத் தெரிந்த ஷெட்டில் கட்டுக்குச் சங்கிலி மாட்டியாயிற்று. மாமா மேலே பார்த்துக் கையைத் தூக்கினார். பிறகு கையை இறக்கிவிட்டு, தூணோரம் சாய்ந்திருந்த கம்பித் துண்டை எடுத்தார். அதற்குப் பின்னால் சுவரில் தடை அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. என் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூணில் தட்டினார்.

மணி வரவில்லை. புள்ளி பச்சையாகவே இருந்தது. மாமா கொக்கிக்காரரின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு, தூண் அதிர மறுபடி தட்டினார். மேனேஜர் தன் அறையிலிருந்து "யார்யா அது?" என்று கத்தினார். நான் திரையை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். எழுந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை.

கொஞ்சம் கழித்து மணி அடித்தது. கட்டு எழுந்தது.

"யாருன்னு கேட்டேனே" என்றபடி மேனேஜர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தெரியல சார்" என்றேன். கீழே மாமா கம்பித் துண்டைத் தூணில் சாய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.